சென்டர் ஃபோர்வர்ட் துரை

ஓர் ஆட்டக்காரனிடம் "உனக்கு இந்த முறை இடம் இல்லை" என்று எப்படிச் சொல்வது என்பது உங்கள் முகாமையாளர் பயிற்சிப் புத்தகத்தில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். கோர்னர் கிக் எடுப்பதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். கால் சுளுக்கினால் என்ன செய்வது என்பதற்குப் படமே போட்டிருக்கிறார்கள். ஆனால் புதிதாக முகாமையாளர் ஆகிறவனுக்கு முதல் மாதத்திலேயே வந்து நிற்கப் போகிற காரியம் அந்த ஒன்றுதான். ஆகவே தம்பிமாரே, அதை நான் எவ்வளவு மோசமாகச் செய்தேன் என்பதைச் சொல்கிறேன். நன்றாகச் செய்தவர்களும் எங்காவது இருப்பார்கள். அவர்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் இன்று நடுக்கள வீரர் என்று சொல்வதை எங்கள் காலத்தில் சென்டர் ஹாஃப் என்பார்கள். பின்னால் நிற்பவனிடம் பந்தை வாங்கி முன்னால் நிற்பவனிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் மாத்தளை டவுனில் பிறந்தவன். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, போட்டிருந்த நல்ல சட்டையோடு விளையாடிக்கொண்டிருந்தபோது, ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகும் வழியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் துரை என்னைப் பார்த்தார். அடுத்த வாரமே அந்தத் தோட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பந்து விளையாடச் சம்பளம் என்று அந்தக் காலத்தில் யாரும் வெளிப்படையாகக் கொடுப்பதில்லை. ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்து வைத்துக்கொள்வார்கள். எனக்குக் கிடைத்தது தேயிலை ஆலையான ஸ்டோரில் பெட்டிகளின் மேல் தோட்டத்தின் பெயரை மையால் அடிக்கிற வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் பந்துதான். ஆகவே நானும் தொழில்முறை ஆட்டக்காரன்தான். என்ன, விரல் நுனியெல்லாம் கறுப்பு மை ஒட்டியிருக்கும்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் சமமான இடம் என்று இருந்தது அது ஒன்றுதான். அதுவும் சமம் இல்லை. ஒரு கோல் கம்பத்தில் இருந்து பார்த்தால் மற்றக் கோல் கீப்பரின் தலை மட்டும் தெரியும். பந்து தவறிக் கீழே தேயிலைக்குள் போனால், கொழுந்து பறிக்கிற பெண்கள் யாராவது கூடைக்குள் போட்டுக்கொண்டு மேலே வந்து சேரும்வரை எல்லோரும் உட்கார்ந்திருப்போம்.

இனித் துரை. தோட்டத்தையே ஆளுகிற மனுஷன். சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கு வந்த முதல் உள்நாட்டுத் துரை அவர். கொழும்புக்காரர், நல்ல மனசு, உதைபந்தாட்டத்தின் மேல் உயிர். தானே சென்டர் ஃபோர்வர்டாக, முன்னால் நின்று கோல் அடிக்கிற ஆளாக, விளையாடினார். அப்படி மோசமாக விளையாடிய ஒருவரை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. பந்தை உதைக்கும்போது இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வார். எண்ணெய் வைத்து வாரிய தலை கலைந்துவிடும் என்று தலையால் முட்ட மாட்டார்.

ஆனாலும் கோல் அடித்தார். எப்படி என்று கேளுங்கள். நான் பந்தை அவருடைய காலுக்கு நேரே, தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி உருட்டி வைப்பேன். அவர் அதை உதைக்கப் போய்த் தவறவிட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். சுற்றும்போது குதிகால் தட்டும். எதிரணிக் கோல் கீப்பரும் ஏதோ ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறவன்தான். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. பந்து மெதுவாக வரும்போது அவன் மரியாதையாக ஒதுங்கி வழி விடுவான். ஒருமுறை பந்து கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அந்தக் கீப்பர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, செருப்பை ஒதுக்குகிற மாதிரிக் காலால் உள்ளே தள்ளிவிட்டான்.

ஆறு வருஷம் இப்படியே போனது. ஆறு வருஷமும் அவருக்குப் பந்து கொடுத்தது நான்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். பிறகு என் முழங்கால் போயிற்று. துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, "இனி நீ மெனேஜர், அந்தோனி. டீம் எடுக்கிறது எல்லாம் நீதான். நான் தலையிட மாட்டேன்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நான் சென்டர் ஃபோர்வர்ட்," என்றார்.

அந்த வருஷம் எப்படியோ மாவட்டக் கோப்பைக்கான அரையிறுதிவரை வந்துவிட்டோம். எதிரணி கலேவெலயில் இருந்து வந்திருந்தது. நெல்லும் மிளகாயும் போடுகிற ஆட்கள். யார் துரை, யார் தொழிலாளி என்று அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை. முதல் நிமிடத்திலேயே ஒருவன் துரையின் காலுக்குள் காலை விட்டுப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். துரை சேற்றில் விழுந்தார். மைதானம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. அவரோ எழுந்து ஒரே சிரிப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ அவரோடு நிஜமாகவே விளையாடியிருக்கிறார்கள்! அந்த உற்சாகத்தில் திசை மறந்து, பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி, கண்ணை மூடி ஓங்கி ஓர் உதை விட்டார். எங்கள் கோலின் மேல் மூலையில் போய் விழுந்தது. கலேவெலக்காரர்கள் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் கீப்பர் ராமையாதான் அணித்தலைவனும். அவன் வலைக்குள் இருந்து பந்தை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அண்ணே, ஆறு வருசத்துல தொரை அடிச்ச ஒரே நல்ல அடி. அதுவும் என் தலைக்கு மேலயே போகுது பாருங்க," என்றான்.

எப்படியோ ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றோம். ஆனால் மறுநாள் வேலை முடிந்த கையோடு ராமையா அணியையே கூட்டிக்கொண்டு தொழிலாளர் லயத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டான். ஒற்றை அறைக் காம்பராவில் இடம் இல்லாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள்.

"பைனல்ல தொரை எறங்குனா நாங்க எறங்கல அண்ணே," என்றான் ராமையா.

"அத அவருகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"நாங்க சொல்ல ஏலுமா? நீங்கதானே மெனேஜரு!"

பதவி கிடைத்தபோது கைகுலுக்கிய அதே ஆட்கள்தான். அவர்கள் போன பிறகு என் மனைவி பிலோமினா அடுப்படியில் இருந்து வந்தாள்.

"நேராவே போய்ச் சொன்னா என்னவாம்?"

"வேல போயிரும்."

"வேல போனா இந்தக் காம்பராவும் போயிரும்," என்று அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, அப்ப பொய்யே சொல்லுங்க. ஆனா நல்ல பொய்யா பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குப் பொய் வராது."

அவள் சொன்னது சரி. எனக்குப் பொய் வராது.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, மாத்தளை டவுன் அணியோடு. அந்த அணியை நடத்தியவர் டவுனில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார். சனிக்கிழமை காலையில் நான் பங்களாவுக்குப் போய், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன்.

"தொரை, டவுன்காரங்க உங்க கால ஒடைக்கப் போறதா ஒரு பேச்சு அடிபடுதுங்க."

"என் காலையா? ஏன் மேன்?"

"நீங்கதான் நம்ம டீமுக்கே உயிருன்னு அவங்களுக்குத் தெரியுமுங்க."

ஆள் பயந்து, "அப்போ நான் இறங்கவில்லை" என்று சொல்வார் என்பது என் கணக்கு. துரை நாற்காலியில் இருந்து எழுந்தார். கண்ணெல்லாம் பளபளத்தது.

"அப்படியா சொன்னாங்க அவங்க? உயிருன்னு?"

"ஆமாங்க..."

"வரட்டும் மேன்! வரட்டும்!" என்று உள்ளே போய், இரண்டு தடித்த இங்கிலீஷ் சஞ்சிகைகளை எடுத்து வந்து, காலில் சுற்றிக் காலுறைக்குள் திணித்துக் காட்டினார். பிறகு அந்தக் காலால் மேசையை ஓர் உதை உதைத்து, வலிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டார். நீக்க வேண்டிய ஆளுக்கு நானே தைரியமும் காலுக்குக் கவசமும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இதில் இருந்து ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: வெளியே அனுப்ப வேண்டிய ஆளைப் புகழ்ந்து அனுப்பப் பார்க்காதீர்கள். புகழை வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லொறியில் எல்லோரும் டவுனுக்கு இறங்கினோம். துரை தன்னுடைய காரில் வந்தார். அரைக்காற்சட்டை, அதற்கு மேலே கோட், காலில் சஞ்சிகை. மைதானத்து ஓரத்தில் ஒரு மேசை போட்டு ரெஃப்ரி உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பாதியில் ஆளை மாற்ற முடியாது. இறங்கினவர் இறங்கினவர்தான், தொண்ணூறு நிமிடத்துக்கு அவரை வெளியே எடுக்க ஆண்டவரால் மட்டுமே முடியும்.

பத்துப் பெயரை எழுதிவிட்டேன். பேனா நின்றுவிட்டது. பின்னால் ராமையா மூச்சு விடுவது கழுத்தில் சுட்டது.

"பதினோராவது யாருண்ணே?"

அவனுக்குப் பின்னால் பெருமாள் நின்றான். மலையில் தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவன். மான் மாதிரி ஓடுவான். ஆறு வருஷமாகத் துரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருந்த சென்டர் ஃபோர்வர்ட். பெருமாளின் பெயரை எழுதினேன். அவசரத்தில் எழுத்துக்குப் புள்ளி வைக்கவும் மறந்துவிட்டேன். அப்போதுதான் பட்டியலின் அடியில் முகாமையாளர் என்று ஒரு வரி காலியாக இருப்பதைக் கண்டேன். என் பெயரை எழுத வேண்டிய இடம். யோசிக்கவே இல்லை. அதில் துரையின் பெயரை எழுதினேன்.

துரை வந்து பட்டியலை வாங்கி மேலிருந்து படித்தார்.

"என் பேர் எங்க மேன்?"

"கீழங்க தொரை."

"கீழயா?"

"எல்லாரையும் தாங்குற எடம் கீழதானுங்களே."

அவர் மறுபடியும் படித்தார். "மெனேஜர்," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் கோட்டின் பொத்தானைப் போட்டார். "அப்போ நீ என்ன மேன்?"

"நான் தோடம்பழம் வெட்டுறனுங்க."

இடைவேளையில் ஆட்டக்காரர்கள் சூப்புகிற ஆரஞ்சைத்தான் அப்படிச் சொல்வோம். நான் பிழைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு மனிதனை அவனுடைய இடத்தில் இருந்து எடுக்கத் தைரியம் இல்லாமல் வேறு ஓர் இடத்தில் தூக்கி வைத்தால், அந்த இடத்தில் அவன் என்ன செய்வான் என்றும் யோசிக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. பெருமாள் கால் மணி நேரத்துக்குள் ஒரு கோல் அடித்தான். எங்கள் ஆட்கள் அப்படி விளையாடி நானே பார்த்ததில்லை. துரை கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினார். பிறகு எழுந்தார். மெனேஜர் என்றால் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவன் பந்தோடு தவறான பக்கம் போகிறான் என்று அவருக்குப் பட்டது. கையை உயர்த்தி, தேயிலை மலையில் வேலை வாங்கப் போடுகிற அதே குரலில் ஒரு சத்தம் போட்டார்.

"ஏய்! நில்லு!"

அவன் நின்றான். அவன் மட்டுமா? பதினொரு பேரும் நின்றார்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிட வரிசையாக நிற்பார்களே, அதே மாதிரி, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. வேடிக்கை பார்க்க வந்த எங்கள் தோட்டத்து ஆட்கள் நின்றார்கள். பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த ஒருவர் எரிகிற குச்சியோடு அப்படியே நின்று விரலைச் சுட்டுக்கொண்டார். பொய் சொல்லக் கூடாது, நானும் பாதி வெட்டின தோடம்பழத்தோடு நின்றேன். டவுன்காரர்கள் ஒரு கணம் ஏதோ மௌன அஞ்சலி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவர்களில் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு, நிற்கிறவர்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போய், கோலுக்குள் போட்டான்.

துரைக்குக் கோபம். "என்ன மேன் நிக்கிறது! முன்னுக்குப் போ! எல்லாம் போ!"

எல்லோரும் போனார்கள். ராமையாவும் போனான், கோலைத் திறந்து போட்டுவிட்டு. இரண்டாவது கோலும் விழுந்தது.

இடைவேளையில் ஆட்கள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தோடம்பழத் துண்டைச் சூப்பினார்கள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஹாஜியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. எனக்குப் பத்து நிமிடம்கூட இல்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடி வந்தால் மனசு தெளிவாகிவிடும் என்று உங்களுக்குச் சிலர் சொல்லுவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பயம் இருந்த இடத்தில் பெருமாளின் முகம் வந்து நின்றது, அவ்வளவுதான். அவன் அன்றைக்கு அடித்தது அவனுடைய முதல் கோல்.

துரையைத் தனியாகக் காருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனேன்.

"தொரை, நீங்க சத்தம் போடக் கூடாதுங்க."

"மெனேஜர் சத்தம் போடக் கூடாதா?"

"மத்தவங்க போடலாமுங்க. நீங்க போட்டா அவங்க ஆட்டக்காரங்களா இருக்க மாட்டாங்க. கூலிக்காரங்களா ஆயிருவாங்க. நீங்க நில்லுன்னா அவங்க கால் நின்னுருது, அவங்ககிட்டக் கேக்காமலே."

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. யாரோ அவருக்குத் தெரியாத ஒரு சொந்தக்காரரைப் பற்றிச் சொன்ன மாதிரி ஒரு குழப்பம்தான் இருந்தது.

"நெசமாவா மேன்?"

"நெசமுங்க."

"எவ்வளவு நேரம் பேசக் கூடாது?"

"நாப்பத்தஞ்சு நிமிசங்க."

கவனியுங்கள், அப்போதும் அவருடைய விளையாட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. குரலைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். ஹாஃப் விளையாடுகிறவன் சொன்னது ஹாஃப் உண்மை.

துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி தோடம்பழம். சத்தம் வரும்போதெல்லாம் ஒரு துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொள்வார். பெருமாள் பந்தைத் தவறவிட்டான், ஒரு துண்டு. ராமையா நழுவினான், இரண்டு துண்டு. நாங்கள் மூன்றாவது கோலும் அடித்து முன்னால் வந்தபோது அவருடைய இரண்டு கன்னமும் உப்பிக் கண்ணில் நீர் வழிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நான் ஆற்றிய முகாமைத்துவப் பணி அது மட்டும்தான்.

முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பழம் தீர்ந்துவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து டவுன் அணியின் சின்னசாமி பந்தோடு பிய்த்துக்கொண்டு வந்தான். அவன் எங்கள் தோட்டத்து ஆள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் துரையிடம் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய் ஹாஜியாரின் கடையில் சேர்ந்துவிட்டான். அவனுக்கு முன்னால் ராமையாவைத் தவிர வேறு யாரும் இல்லை. துரையின் கை கூடைக்குள் போய்த் தடவியது. கூடை காலி. எழுந்தார்.

"சின்னசாமி! நில்லு மேன்!"

சின்னசாமி நின்றான். ஒரு காலைத் தூக்கினபடி நின்றான். எங்கள் ஆட்களும் நின்றார்கள், ராமையாவும் நின்றான். பந்து மட்டும் தானாக உருண்டு போய், ராமையாவின் காலில் முட்டி, அதுவும் நின்றது. சற்று நேரத்தில் ரெஃப்ரி ஊதினார். கோப்பை எங்களுக்கு.

ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "அல்லாஹ்வே! இது என்ன நியாயம்? கத்தி ஆள நிப்பாட்டினா கோல் அடிக்கிற எப்படி?" ரெஃப்ரி பொறுமையாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "ஒருத்தர் நில்லுன்னு சொன்னா நிக்கக் கூடாதுன்னு இதுல எங்கயும் இல்லையே ஹாஜியார்," என்றார்.

எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சின்னசாமி என்னைத் தாண்டிப் போனான்.

"மூணு வருசமாச்சிண்ணே நான் எறங்கி வந்து," என்றான். "காலு இன்னும் என் பேச்சக் கேக்கல பாருங்க."

நான் குனிந்து தோடம்பழத் தோல்களைக் கூடைக்குள் பொறுக்கினேன்.

திங்கட்கிழமை காலையில் துரை கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. பட்டியலில் இருந்து பெயரை எடுத்தது ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்க அவருக்கு உறைத்திருக்கும், வேலையை விட்டு நீக்கிப் பத்துச்சீட்டைக் கையில் கொடுக்கப் போகிறார் என்று பிலோமினா சட்டி பானையைக்கூட ஒரு பக்கமாக அடுக்கத் தொடங்கிவிட்டாள். போனால், துரை சிரித்த முகமாக இருந்தார். மேசையில் கோப்பை. பக்கத்தில் பெயர்ப் பட்டியல்.

"அந்தோனி, நான் யோசிச்சேன். கோப்பை எடுத்த மெனேஜர் யார்?"

பட்டியலைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்தில், அடியில், அவருடைய பெயர்.

"நீங்கதானுங்க தொரை."

"ஒரு டீமுக்கு ரெண்டு மெனேஜர் எதுக்கு மேன்? இனி நானே டீம் எடுக்கிறேன். நீ ஸ்டோர்ல பெட்டிக்கு மை அடி." பிறகு முன்னால் சாய்ந்து, ஒரு ரகசியத்தைப் பகிர்கிற மாதிரிச் சொன்னார்: "சென்டர் ஃபோர்வர்டும் நான்தான். மெனேஜரே நானா இருந்தா என்னை யார் மேன் எடுக்கிறது?"

நானே என் கையால் எழுதிக் கொடுத்து என் பதவியை இழந்தேன். அதைவிட, பெருமாளின் இடத்தையும் பறிகொடுத்தேன். கோபப்பட எனக்கு ஆள் இல்லை. முத்திரை மையில் விரலை நனைத்துக்கொண்டு இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் ஹாஜியாரிடம் இருந்து ஆள் வந்தது. டவுனுக்குப் போனேன். கடையில் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்.

"எங்கட டீமுக்கு நீங்க வரணும். கடையில ஒரு வேலையும் தாரேன், இருக்க ஒரு வீடும் பாத்துத் தாரேன்."

"ஹாஜியார், கோப்ப எடுத்த மெனேஜர் தொரைங்க. பட்டியல்ல அப்படித்தான் இருக்கு."

"பட்டியல்ல தொரைட பேர் இருந்த தெரியும்," என்றார் ஹாஜியார். "ஆனா தொரை தோடம்பழம் தின்டத நான் பாத்தேனே! அத்தன பழத்தையும் ஒரு தொரைக்குத் தீத்தி வாய மூட வைக்க ஏலும்னா, அந்த ஆள்தான் எனக்கு வேணும்."

இப்படித்தான் தம்பிமாரே, நான் முறையான, சம்பளம் வாங்குகிற முகாமையாளர் ஆனேன். சின்னசாமிக்குப் பக்கத்திலேயே வீடு. தோட்டத்தை விட்டுப் போகிற அன்றைக்கு ராமையாவும் பெருமாளும் எங்கள் சாமான்களை பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "நீங்க போறீங்க, நாங்க தொரைக்குப் பந்து கொடுக்கணும்," என்றான் ராமையா. விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் பஸ்ஸில் ரத்தோட்டை வரைக்கும் நான் மலைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு மூன்று மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை பின்னேரம். டவுன் மைதானத்தில் புதுப் பருவத்துக்கு ஆள் தேர்வு செய்துகொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. துரை இறங்கினார். நீளக் காற்சட்டை. நேரே வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எழுந்தேன், கையைப் பிடித்து உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் பயிற்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அந்தோனி, போன கிழமை நான் சென்டர் ஃபோர்வர்டை டீமில இருந்து எடுத்துட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "யாருங்க, பெருமாளையா?"

"பெருமாள்தான் இப்போ ஆடுறான். அவனுக்கு முன்னாடி இருந்த ஆளை எடுத்தேன். மெனேஜரா வெளிய நின்னு பாத்தப்போ மத்தவன் எல்லாம் எப்படி ஆடுறான்னு தெரிஞ்சிது. அப்புறம்தான் இந்த ஆளைப் பாத்தேன். ரொம்ப மோசம் மேன் அவன். கண்ணை மூடிக்கிட்டு உதைக்கிறான்."

நான் கீழே புல்லைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "எப்படிச் சொன்னீங்க தொரை அவருகிட்ட?"

"காலைல சவரம் பண்றப்போ. கண்ணாடியில நேராப் பாத்துச் சொன்னேன். உனக்கு இடம் இல்ல மேன்னு."

"அவரு என்ன சொன்னாருங்க?"

"ரொம்பக் கோவம். அப்புறம், ஆறு வருசமா ஏன் யாரும் சொல்லலன்னு கேட்டான்."

மைதானத்தில் யாரோ அடித்த பந்து எங்கள் பக்கமாக உருண்டு வந்தது. துரை எழுந்து, அதை உதைக்கப் பார்த்து, தவறவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"உன் டீமில ஏதும் இடம் காலியா இருக்கா மேன்?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறாரா, நிஜமாகக் கேட்கிறாரா என்று அவருடைய முகத்தில் தெரியவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் எழுந்து நின்றேன். தொப்பியைக் கழற்றவில்லை.

"இருக்குங்க தொரை. லெஃப்ட் அவுட், அந்த எடது ஓர எடம் காலிதானுங்க. ஆனா உங்களுக்கு இல்லீங்க."

அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் வலிக்கிற மாதிரித்தான்.

"பாத்தியா மேன்," என்றார் துரை. "இவ்வளவுதானே!"